ஆடி அமாவாசைக் கப்பல்

1. பஸ் மேற்கே திரும்பியது

ரொறன்ரோவில் டோர்செட் பார்க் மாடிக் கட்டிடங்களுக்கு முன்னாலிருந்து புறப்பட்ட பஸ், நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் கிழக்கே திரும்பியிருக்க வேண்டும். பிக்கரிங்கைத் தாண்டி, கிங்ஸ்ரனைத் தாண்டி, மொன்றியல் துறைமுகத்துக்குப் போக வேண்டும். எங்கள் கப்பல் அங்கேதான் நின்றது. பஸ் மேற்கே திரும்பியது.

நான் சாரதிக்குப் பின்னால், மடியில் பயணிகள் பட்டியலோடு இருந்தேன். பாதை பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். ஜோர்ஜியன் பே கரையில் உள்ள ஒரு சின்னத் துறைமுகத்தின் பெயர் அதில் இருந்தது. நான் வேலை செய்த ட்ராவல் ஏஜென்சியின் தாள்தான். கீழே எங்கள் முதலாளி தேவா அண்ணையின் கையெழுத்து.

ஜோர்ஜியன் பே ஒரு பெரிய ஏரியின் விரிகுடா. அக்கரை தெரியாது, அலை அடிக்கும், கடற்காகங்கள் பறக்கும். ஆனால் கடல் அல்ல, நல்ல தண்ணீர்.

திரும்பிப் பார்த்தேன். முப்பத்துநாலு பேர் கதையும் சிரிப்புமாக இருந்தார்கள். நாலாவது வரிசையில் சிவபாதம் அங்கிளும் பூமணி அன்ரியும் பேசாமல் இருந்தார்கள். அங்கிளின் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் எள், பச்சையரிசி, தர்ப்பை, கோயில் ஐயர் எழுதிக் கொடுத்த மந்திரத் தாள். மறுநாள் சனிக்கிழமை, ஆடி அமாவாசை. அந்த பஸ்ஸில் மற்றவர்கள் எல்லாரும் உல்லாசப் பயணம் போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள்.

இது 1987இல் நடந்தது. ட்ராவல் ஏஜென்சித் தொழிலில் முப்பத்தாறு வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் பழைய அனுபவங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். தொலைந்த பெட்டி, பிந்திய விமானம், மாப்பிள்ளை இல்லாமல் வந்திறங்கிய கலியாணக் கோஷ்டி என்று பகிடியாகச் சொல்லிச் சிரிக்க என்னிடம் நிறைய உண்டு. இதை மட்டும் எனக்குப் பகிடியாகச் சொல்ல வராது. இத்தனை வருடம் போயும் எழுதும்போது ஆத்திரம்தான் வருகிறது.

2. நோட்டீஸ் எழுதியது நான்தான்

கொழும்பில் ஒரு ட்ராவல் ஒஃபிஸில் இரண்டு வருடம் ரிக்கற் எழுதிப் பழகியவள் நான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, முதலில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்கினேன். பிறகு தேவா அண்ணையின் ஏஜென்சியில் வேலை கிடைத்தது. அவர் எழுபதுகளிலேயே படிக்க வந்து இங்கே தங்கிவிட்டவர். கழுத்துப்பட்டி, நல்ல சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் தோளில் ஒரு தட்டு. எங்கள் ஆட்கள் அவரிடம் ரசீதுகூடக் கேட்க மாட்டார்கள். "தேவா சொன்னால் சரிதான்" என்பார்கள். பாஸ்போர்ட்டையே மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆங்கிலக் கம்பனி என்றால் ஒவ்வொரு வரியையும் வாசிக்கிற அதே மனிதர்கள், எங்கட ஆள் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பார்கள். இந்தக் கதையின் ஆணிவேர் அந்தப் பழக்கம்தான்.

அந்தக் கோடைக்கு ஒரு கப்பல் பயணம் போடுவோம் என்று தேவா அண்ணை சொன்னார். மொன்றியலில் ஏறி, சென் லோரன்ஸ் ஆற்றின் வழியே வடகிழக்கே போனால் ஆறு கடலாக விரியும். திமிங்கிலம் பார்க்கலாம். வெள்ளி ஏறி ஞாயிறு இறங்குவது. கப்பல் கம்பனியின் புத்தகத்தில் சனிக்கிழமைக்கு நேரே, எந்தத் துறையிலும் நிற்காமல் கடலிலேயே கழிக்கும் இனிய ஓய்வு நாள் என்று போட்டிருந்தது. அதை நான் தமிழில் நோட்டீஸாக எழுதினேன். "இரண்டாம் நாள்: முழு நாளும் கடலில், ஓய்வாக." கோயிலிலும் பலசரக்குக் கடைகளிலும் நானே கொண்டுபோய் ஒட்டினேன்.

நோட்டீஸ் ஒட்டி மூன்றாம் நாள் சிவபாதம் அங்கிள் ஒஃபிஸுக்கு வந்தார். திருகோணமலைக்காரர். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இங்கே மகளோடு டோர்செட் பார்க்கில் இருந்துகொண்டு, ஒரு அச்சகத்தில் கடதாசிப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். நோட்டீஸை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"பிள்ளை, உதில கடல் எண்டு போட்டிருக்கு. மெய்யாக் கடல்தானோ? லேக் இல்லையே?"

"கடல்தான் அங்கிள். உப்புத் தண்ணி. திமிங்கிலமே வருமாம்."

"அப்ப ரெண்டு பேருக்குப் போடும்." கதிரையை இழுத்து இருந்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

எண்பத்து நாலில் அவர்களுடைய மகன் குகன் பதினொரு பேரோடு ஒரு படகில் இந்தியாவுக்குப் புறப்பட்டிருக்கிறான். வயது இருபத்திரண்டு. படகு போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. உடல், உடுப்பு, ஒரு துண்டு மரம், எதுவும் கரை ஒதுங்கவில்லை. மற்றப் பதினொரு வீடுகளிலும் அந்தியேட்டி, இறந்தவருக்கான கடைசிக் கிரியை, முடிந்துவிட்டது. இவர்கள் வீட்டில் மட்டும் முடியவில்லை. பூமணி அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு முறை ரெலிபோன் அடிக்கும்போதும் அவர்தான் முதலில் ஓடிப் போய் எடுப்பாராம். வீட்டில் யாரும் குகனைப் பற்றி 'இருந்தான்' என்று சொல்லக்கூடாது. 'இருக்கிறான்' என்றுதான் சொல்ல வேண்டும். மகளின் பிள்ளைகளுக்கும் அதுதான் சட்டம்.

"மகன் தேப்பனுக்குச் செய்ய வேண்டியதை நான் மகனுக்குச் செய்யப் போறன். அது பரவாயில்லை. லேக் ஒன்ராறியோவிலேயே செய்யலாம், சாஸ்திரத்துக்குக் காணும் எண்டு ஐயர் சொன்னவர். ஆனா பூமணிக்குக் காணாது பிள்ளை. கடல்தான் கொண்டு போனது எண்டு சொல்லுறியள், அப்ப கடலிட்டையே வந்து கேக்கிறன் எண்டு போன மாசம் சொல்லிப் போட்டா. மூண்டு வருசத்தில முதல் தரம் வாய் திறந்து சொன்னது அதுதான். எல்லாக் கடலும் ஒண்டோடை ஒண்டு சேர்ந்துதானே கிடக்கு? உங்கை விடுற தண்ணி அங்கையும் போகும்தானே?"

"ஓம் அங்கிள். போகும்."

நான் அதோடு விடவில்லை. மொன்றியல் கப்பல் கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கீழ்த் தளத்தின் பின்பக்கத்தில், ஒரு வாளியைக் கயிற்றில் விட்டுக் கடல் தண்ணீர் அள்ளித் தருவதாக ஒழுங்கு செய்தேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் இரண்டு வாளி தரச் சொல்கிறேன் என்றாள். இதையெல்லாம் தேவா அண்ணையிடம் சொல்லித்தான் செய்தேன். "நல்லது, நல்லது, கஸ்ரமர் சேர்விஸ் எண்டால் உதுதான்" என்று என் தோளிலும் ஒரு தட்டுத் தட்டினார். அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

3. கோப்பிக் கடையில் ஐந்து நிமிடம்

பஸ் வடக்கே போகும் நானூறாம் நெடுஞ்சாலையில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கோப்பிக் கடையில் நின்றது. நான் இறங்கி ஓடிப் போய், வாசலில் இருந்த காசுபோடும் ரெலிபோனில் ஒஃபிஸைக் கூப்பிட்டேன். தேவா அண்ணை எடுத்தார்.

"அண்ணை, பஸ் லேக்குக்குப் போகுது."

"ஓமோம். மொன்றியல் கப்பலில எஞ்சின் பிழை எண்டு கான்சல் பண்ணிப் போட்டாங்கள். நல்ல காலம், உந்தக் கப்பலில இடம் கிடைச்சுது. காட்சி இன்னும் வடிவாம்."

"எப்ப கான்சல் பண்ணினவை?"

"ரெண்டு கிழமை இருக்கும்."

இரண்டு கிழமை! ஒவ்வொரு நாளும் நான் அவருக்கு எதிர் மேசையில் இருந்திருக்கிறேன். கோப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். வாளி விஷயமாக மொன்றியலுக்கு இன்னொரு தரம் எடுத்து உறுதி செய்யட்டோ என்று நான் கேட்டபோது, தேவையில்லை, தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன மனிதர்.

"சிவபாதம் அங்கிளுக்குச் சொன்னனீங்களோ?"

"என்னத்துக்கு? சொன்னால் ஒருத்தர் ரெண்டு பேர் விலகுவினம். பிறகு ஆளுக்காள் ஒரு கதை எடுபடும், முழு குறூப்பும் குழம்பும். ராஜி, உதைப் பெரிசாக்காதையும். எந்த லேக்கும் கடைசியில கடலுக்குத்தானே போகுது? நீர் சொல்லாட்டி ஆருக்குத் தெரியப் போகுது?"

"அவர் மகனுக்குத் தண்ணி விட வந்தவர் அண்ணை!"

"விடட்டும். தண்ணி தண்ணிதானே. பேசாமல் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாரும். உமக்கு அதுதான் வேலை."

வைத்துவிட்டார்.

இனி நான் சொல்லப் போவது தேவா அண்ணையைப் பற்றியது அல்ல. என்னைப் பற்றியது. அப்போது வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணி. அமாவாசை மறுநாள் பின்னேரம் வரை இருந்தது. அந்தக் கடை வாசலில் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போகும் பஸ் நிற்கும். ரொறன்ரோவில் பின்னேரம் மொன்றியலுக்கு ரயில் இருந்தது. மொன்றியலிலிருந்து விடியற்காலை கிழக்கே, ஆறு உப்பாகிற ஊர்களுக்கு, பஸ் இருந்தது. பிரதான நேர அட்டவணைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த நிமிடம் நான் பஸ்ஸுக்குள் ஏறி, "அங்கிள், இறங்குங்கோ, பிழை நடந்து போச்சு" என்று சொல்லியிருந்தால், சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் அவர்கள் இரண்டு பேரும் உப்புத் தண்ணீரில் கால் வைத்திருப்பார்கள்.

நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். கொழும்பிலிருந்து அம்மாவை இங்கே எடுப்பிப்பதற்குக் குடிவரவுப் பத்திரம் கொடுத்திருந்த நேரம். வேலைக் கடிதம் வேண்டும். தேவா அண்ணையின் கையெழுத்து வேண்டும். அதோடு இன்னொரு எண்ணமும் வந்தது, அதையும் ஒளிக்கப் போவதில்லை. ஒருவேளை கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் சொன்ன அதே வசனத்தை, அவரைத் திட்டிக்கொண்டே, நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

பூமணி அன்ரி ஜன்னலோரத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, இன்னும் கனக்கத் தூரமோ?"

"இல்லை அன்ரி. கிட்டத்தான்."

4. ஓய்வான நாள்

கப்பல் சின்னது, வெள்ளை நிறம், மூன்று தளம். அதில் வேலை செய்தவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இரவோடிரவாக அது தீவுகளை விட்டு வெளியே போய்விட்டது. சனிக்கிழமை காலையில் எழுந்தபோது நாலு பக்கமும் தண்ணீர். வடக்கே மட்டும் இளஞ்சிவப்புப் பாறைகளும், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த பைன் மரங்களும் கோடாகத் தெரிந்தன. ஆடி மாதத்திலும் குளிர்காற்று. ஒலிபெருக்கியில் ஒரு பெண், இன்று எந்த அவசரமும் இல்லாத நாள், கதிரையில் சாய்ந்து காட்சியைப் பாருங்கள், பதினொன்றுக்கு பிங்கோ விளையாட்டு, பன்னிரண்டுக்கு விருந்து என்று அறிவித்தாள். எங்கள் ஆட்கள் சேலைக்கு மேல் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு, கதிரைகளைப் பிடித்து, கம்பிக்கு அருகில் நின்று படம் எடுத்தார்கள்.

பத்து மணிக்குக் கீழ்த் தளத்தின் பின்பக்கம். அங்கிள் வேட்டி கட்டி, மேலில் ஒன்றும் இல்லாமல், நெற்றியில் விபூதியோடு நின்றார். இரண்டு பேரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. அன்ரி ஒரு சாம்பல் நிறச் சேலை உடுத்திருந்தார். முகம் இறுகிப் போயிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பார்த்தார் என்பதைவிட, முறைத்தார்.

முதல் நாள் பின்னேரமே கப்பல் அதிகாரி ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தேன். அவர் சொன்னபடியே ஒரு மாலுமி வந்து, வாளியைக் கயிற்றில் இறக்கி, தண்ணீர் மொண்டு, அங்கிளின் முன்னால் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

அங்கிள் கால் மடித்து இருந்தார். தர்ப்பையை விரலில் மாட்டினார். மந்திரத் தாளை முழங்காலுக்கு அடியில் வைத்தார், காற்று கொண்டு போகாமல். அன்ரி பக்கத்தில் வந்து இருந்து எள்ளையும் அரிசியையும் வாழையிலைத் துண்டில் பரப்பினார். அந்த இலையை எங்கே தேடிப் பிடித்தார்களோ தெரியாது. அவர் கை எள்ளைத் தொட்டதை நான் பார்த்தேன். மூன்று வருடமாக ஒத்துக்கொள்ளாத கை அது.

எந்தக் கிரியையும் ஆசமனத்தில்தான் தொடங்கும். உள்ளங்கையில் துளி தண்ணீர் எடுத்து மூன்று முறை உட்கொள்ள வேண்டும். எனக்கு இது தெரியாததல்ல. அப்பாவுக்கு அண்ணன் செய்யும்போது ஒவ்வொரு வருடமும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது என் புத்திக்கு வரவில்லை.

அங்கிள் முதல் துளியை உறிஞ்சினார். நிறுத்தினார். திரும்ப வாளிக்குள் கையை விட்டு எடுத்து உறிஞ்சினார். பிறகு கையை வேட்டியில் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, உப்பில்லை."

அன்ரி சடாரென்று வாளிக்குள் கையை விட்டு எடுத்து வாயில் வைத்தார்.

"இது என்ன இடம்?" என்று அங்கிள் கேட்டார். சத்தம் போடவில்லை.

"லேக், அங்கிள். கப்பலை மாத்திப் போட்டினம்."

"எப்ப மாத்தினவை?"

"ரெண்டு கிழமைக்கு முதலாம்."

"உமக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நேற்று. பஸ்ஸில."

"நேற்றோ," என்றார். தர்ப்பையை விரலிலிருந்து மெல்லக் கழற்றினார். "முப்பத்தொரு வருசம் தபால் கந்தோரில இருந்தனான். ஆக்கள் செத்த தந்தி எத்தினை வந்திருக்கும். கொண்டு போய்க் குடுக்க ஆருக்கும் விருப்பம் இல்லை. ஆனா ஒரு நாளும் ஒண்டையும் அடுத்த நாளைக்கு வைச்சதில்லை. நாங்கள் ஆர் அதைப் பிடிச்சு வைக்க?"

என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அன்ரி சிரித்தார். மெய்யாகவே சிரித்தார். நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பைக் கண்டதில்லை. எள்ளையும் அரிசியையும் இலையோடு சுருட்டித் துணிப்பைக்குள் வைத்தார்.

"நான் சொன்னனான் தானே?" என்றார். "இவ்வளவு தூரம் வந்தும் கடல் கிடைக்கேல்லை. செய்யாதேங்கோ எண்டு கடவுள் தடுத்துப் போட்டார். பிள்ளை இருக்கிறான். எங்கையோ இருக்கிறான். எழும்புங்கோ, ஏன் பட்டினி கிடக்கிறியள், வாங்கோ சாப்பிட."

"பூமணி..."

"எழும்புங்கோ எண்டு சொல்லுறன்."

அன்ரி விருந்துக்குப் போய்ச் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினார். பின்னேரம் மேல் தளத்தில், சாய்வுக் கதிரையில், காலை நீட்டிக்கொண்டு பாறைகளையும் மரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண்களோடு கதைத்தார். தன் மகன் இந்தியாவில் இருக்கிறான், கெதியில் வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் நோட்டீஸில் எழுதிய ஓய்வான நாள் அந்தக் கப்பலில் ஒருவருக்கு முழுதாகக் கிடைத்தது என்றால், அது அவருக்குத்தான். அங்கிள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வேட்டியோடு, குளிரில், கீழ்த் தளத்திலேயே இருந்தார். மாலுமி ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டுவிட்டுப் போனார். அதை நான் செய்யவில்லை. கிட்டப் போக எனக்கு முகம் இருக்கவில்லை.

5. நயகராவுக்கு இலவசம்

திங்கட்கிழமை காலை ஒஃபிஸில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் தேவா அண்ணையின் மேசைக்கு நேரே போனேன்.

"மூண்டு வருசம் கழிச்சு அந்த மனிசி எள்ளைத் தொட்டது அண்ணை. நீங்கள் அதைக் கெடுத்துப் போட்டியள். இனி அந்த மனிசி சாகுமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கப் போகுது. விளங்குதோ உங்களுக்கு?"

"ஷ்ஷ். ஆக்கள் இருக்கினம். இரும் ராஜி."

"இருக்கமாட்டன். தண்ணி தண்ணிதான் எண்டு சொன்னனீங்கள். வாங்கோ, அந்த வீட்டை வந்து அவையளுக்கு முன்னால அதைச் சொல்லுங்கோ."

அவர் கழுத்துப்பட்டியைச் சரி செய்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை எத்தனையோ பேரிடம் பிறகு பார்த்திருக்கிறேன். தங்களால் ஒருவருக்கும் கெடுதல் நடக்க முடியாது என்று நம்புகிறவர்களின் சிரிப்பு அது. "சரி, பிழைதான் எண்டு வைச்சுக்கொள்ளுவம். ரெண்டு பேரையும் ஒரு நாள் நயகராவுக்கு ஃப்ரீயா அனுப்புவம். சந்தோஷப்படுவினம்."

மேசையில் இருந்த மிச்ச நோட்டீஸ்களை எடுத்து அவர் முன்னாலேயே கிழித்தேன். நான் எழுதிய நோட்டீஸ், கிழிக்க எனக்கு உரிமை இருந்தது. ஒரு வாடிக்கையாளர் "விடு தங்கச்சி, எங்கட ஆக்கள்தானே" என்றார். எங்கட ஆக்கள் என்பதால்தான் அண்ணை, என்று அவரிடமும் கத்தினேன்.

அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. அம்மாவின் பத்திரம் முடியும் வரை, இன்னும் ஐந்து மாதம், அதே மேசையில் இருந்தேன். அந்த ஐந்து மாதமும் அந்த மனிதருக்கு நான் கோப்பி ஊற்றிக் கொடுக்கவில்லை. என்னால் முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான். அம்மா வந்திறங்கிய கிழமை விலகி, பார்க்டேலில் ஒரு பலசரக்குக் கடையின் மூலையில் ஒரு மேசையும் ஒரு கொம்பியூட்டரும் போட்டு நானே தொழில் தொடங்கினேன்.

இடையில் அங்கிளிடம் போனேன். ஒரு சனி ஞாயிறு நானே கார் ஓடிக் கூட்டிக்கொண்டு போகிறேன், உப்புத் தண்ணீர் வரைக்கும், என்றேன். அவர் கதவடியில் நின்றபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாள் இருக்கு பிள்ளை. எத்தினை அமாவாசை வரும். அவ வரமாட்டா. அவ இருக்கிறான் எண்டு சொல்லேக்க, நான் தனியப் போய் இல்லை எண்டு தண்ணி விடேலாது. அது கள்ளத்தனம்."

மூன்றாம் வருடம் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். செய்ய நினைத்ததைச் செய்யாமலே போனார்.

6. வன் வே

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கப்பல் மாறும், விமானம் மாறும், ஹோட்டல் மாறும். அது உங்கள் பிழை இல்லை. மாறியது தெரிந்த அந்த நிமிடமே வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் ஏசட்டும், விலகட்டும், உங்கள் முதலாளி துள்ளட்டும். அவருடைய பயணம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், எது பரவாயில்லை என்று தீர்மானிக்கிற ஆள் நீங்கள் இல்லை. என் மேசையில் இந்த ஒழுங்கு ஒரு நாளும் பிசகவில்லை. வேலைக்கு வைத்த பிள்ளைகள் என்னைக் கோபக்காரி என்று சொல்லுவார்கள். ஓம், கோபக்காரிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஒழுங்குக்கு மாறானது. நீங்கள் செய்யாதீர்கள்.

பார்க்டேலில் தொழில் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை ரெலிபோன் அடித்தது. பூமணி அன்ரி.

"பிள்ளை, மட்றாசில இருந்து தனிய வாற பிள்ளைக்கு எங்கை பிளேன் மாற வேணும்?"

குகனைத்தான் சொல்கிறார். "லண்டனில ஒருக்கா மாற வேணும் அன்ரி."

"அவன் முதல் தரம் பிளேன் ஏறுறான். வழி தெரியாமல் நிப்பானோ?"

"இல்லை அன்ரி. காட்டி விடுவினம்."

"சைவச் சாப்பாடு குடுப்பினமோ?"

"முதலே சொல்லி வைச்சா குடுப்பினம்."

"அப்ப சொல்லி வையும். பேரையும் போட்டு வையும்."

ரிக்கற் எழுதாமல் பெயரை மட்டும் பதிந்து வைத்தால், மூன்று நாளில் கொம்பியூட்டர் தானாகவே அதை அழித்துவிடும். அன்ரிக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. நோட்டீஸில் கடல் என்று எழுதி அங்கிளை நம்ப வைத்த அதே கை, சிவபாதம் குகன், வன் வே, ஒருவழிப் பயணம், சைவம் என்று அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் அடித்தேன். தேவா அண்ணையை நினைத்து, கோப்பிக் கடை வாசலில் நின்ற என்னை நினைத்து, ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தி அடித்தேன்.

"போட்டாச்சோ பிள்ளை?"

"போட்டாச்சு அன்ரி."

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு வெள்ளி கூப்பிடுவார். பதினாறு வருடம், அவர் கண் மூடும் வரைக்கும். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். ஒவ்வொரு முறையும் திரையில் அந்தப் பெயர் இருக்காது. நான் திரும்பவும் அடிப்பேன்.